வருடக் கடைசி விலை

என் தங்கையை வீட்டில் எலி என்றுதான் கூப்பிடுவோம். சிறு வயதில் பென்சில்களையெல்லாம் கடித்துத் துப்பியதால் வந்த பெயர். பிறகு அவள் கணினி வேலைக்குப் போய், நாள் முழுக்க மவுஸும் கையுமாக உட்கார்ந்தபோது, தெரிந்தே வைத்த பெயர்போல் ஆகிவிட்டது.

இன்னும் கட்டாத கட்டடங்களுக்குப் படம் செய்வது அவள் வேலை. வரைபடத்தைக் கொடுத்தால் போதும். கணினிக்குள் சுவர் எழும்பும், ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் விழும். பார்க்கிறவர்கள் புகைப்படம் என்றே நினைப்பார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இருபத்திரண்டு வருடமாக ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டுகிறேன். ஒருநாள் மதியம் எலி எங்கள் பட்டறைக்கு வந்தவள், கீழே கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, ஓரம் பச்சையா இருக்கு பாரு! நான் இத்தனை நாளா வெள்ளையா வெச்சிட்டிருந்தேன். அதான் என் கண்ணாடி மட்டும் பொய்யாத் தெரிஞ்சிருக்கு."

அடுத்த வாரம் அவள் செய்த படத்தைப் பட்டறையில் காட்டினேன். எங்கள் முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது எந்த சைட்டுல மாட்டினது? நம்ம சரக்கு மாதிரி இல்லியே" என்றார். கட்டாத வீடு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவளுடைய கணினி மெஷின் மட்டும் பழசு. சூடு தாங்காது என்று பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, அதன் முன்னால் மேசை விசிறியைச் சுழல விட்டிருப்பாள். பெரிய படம் ஒன்றை அது உருவாக்கி முடிக்கப் பதினொரு மணி நேரம் ஆகும். அதுவரை சுவிட்சின் மேல் 'தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். "உன் ஆஸ்பத்திரி எப்ப கட்டி முடியும்? நான் எப்பம்மா துணி தேய்க்கிறது?" என்று என் மனைவி கத்துவாள். "அஸ்திவாரம் போட்டாச்சு அண்ணி, சாயங்காலத்துக்குள்ள கூரை வந்துரும்" என்று எலி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

ஆஸ்பத்திரி உண்மையான வேலைதான். பெரிய ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருவர் எலியைத் தேடிப்பிடித்துக் கொடுத்தது. வாசலில் தொடங்கி வார்டு வரை நடந்து போவதுபோல் ஒரு நிமிட வீடியோப் படம். அது பிடித்துப்போனால் தன் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் எலியே படம் செய்யலாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் இவள் பெயரிலேயே ஒரு தொழில். ஆனால் ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தனித்தனிப் படங்கள் வேண்டும். பழைய மெஷினில் அளவைச் சுருக்கி ஓட்டினாலும் படத்துக்கு ஒரு மணி நேரம். இரண்டு மாதம் இரவு பகலாக ஓட வேண்டும். அதற்குள் அது செத்துவிடும்.

"புது மெஷின் வாங்கிடலாம்ணா. கடையில கேட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். அப்போது ஒன்பதாம் மாதம்.

காசு அவளுடையதுதான். ஆனால் எங்கள் வீட்டில் பெரிய பொருள் எதையும் நான்தான் வாங்குவேன். அதுவும் வருடக் கடைசி விடுமுறைத் தள்ளுபடியில்தான். ஃபிரிட்ஜ், கட்டில், தையல் மிஷின் எல்லாம் அப்படி வந்தவை. "உங்க அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, மாத்திரைக்குத் தள்ளுபடி போட்டாத்தான் மருந்துக் கடைக்குப் போவாரு" என்பாள் என் மனைவி. நான் தேதி கணக்குப் போட்டேன். தள்ளுபடி பன்னிரண்டாம் மாதம் முதல் தேதி. புது மெஷினில் ஆறு நாளில் படம் முடிந்துவிடும். ஆர்க்கிடெக்ட் அம்மா கேட்பது புது வருடத்துக்கு. மூன்று வாரம் மிச்சம்.

"கொஞ்சம் பொறு எலி. மூணு மாசம்தானே."

"சரிண்ணா."

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்குப் போய், அவள் எழுதிக் கொடுத்த மெஷினின் விலையை ஒரு நோட்டில் குறித்தேன். கடைக்காரப் பையன்கள், "அண்ணன் வந்துட்டாரு, ரேட் கார்டை நிமித்தி வைடா" என்று கேலி செய்வார்கள். பதினொன்றாம் மாதத் தொடக்கத்தில் எலி இன்னொரு முறை கேட்டாள். "இப்பவே வாங்கிடலாமாண்ணா?"

"இன்னும் இருபத்தாறு நாள். இவ்வளவு நாள் பொறுத்துட்டு இப்ப என்ன அவசரம்?"

"சும்மாதான் கேட்டேன்."

அதன் பிறகு காலையில் கிளம்பிப் போகத் தொடங்கினாள். சிநேகிதியின் அலுவலகத்தில் கொஞ்ச நாள் வேலை என்றாள். பழைய மெஷினுக்கும் ஓய்வு கிடைக்கட்டும் என்று நான் நினைத்தேன்.

முதல் தேதி, கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வரிசையில் நின்றேன். நான் ஐந்தாவது ஆள். என் நோட்டின்படி விலை ஆறில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். எலி அதைப் பொருத்தி, பழைய படம் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். பதினொரு மணி நேரம் எடுத்தது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பில்லைப் பத்திரப்படுத்த அவளுடைய கோப்பைத் திறந்தேன். உள்ளே அதே கடையில் விலை எழுதிக் கொடுத்த கொட்டேஷன் இருந்தது. அதே மெஷின். ஒன்பதாம் மாதத் தேதி. நான் இப்போது கொடுத்த அதே விலை. கடைசி இலக்கம்கூட மாறவில்லை. அவள் கேட்ட மறுவாரமே கடையில் விலையை ஏற்றியிருக்கிறார்கள். நான் நோட்டுப் போட்டது அன்றிலிருந்து. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணாடி சட்டத்தில் உட்காராது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அளவுநாடாவை எங்கே வைத்துப் பிடிப்பது என்று பார்க்கவில்லை.

"இதை ஏன் காட்டல?"

அவள் துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்தாள். "நீ சனிக்கிழமை சனிக்கிழமை அவ்வளவு ஆசையா எழுதிட்டு வந்தே. எப்படிண்ணா சொல்றது?"

"சரி விடு. ஆஸ்பத்திரி வேலையை இன்னிக்கே ஆரம்பி."

"அது முடிஞ்சு போச்சு."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தேதியை ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அவள் என்னிடம் இரண்டாவது முறை கேட்டது அந்த வாரம்தான். ஆர்க்கிடெக்ட் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குத் தவறக்கூடாது என்று, பத்து மெஷின் வைத்திருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்கு அந்த வேலையைக் கொண்டுபோயிருக்கிறாள். இங்கே உட்கார்ந்து செய், பெயர் எங்களுடையது, உனக்கு மாதச் சம்பளம், இரண்டு வருடத்துக்கு வெளி வேலை எதுவும் தொடக்கூடாது என்று காகிதம் நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். சிநேகிதியின் அலுவலகம் என்றது அதைத்தான்.

"தேதி மாறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பைத்தியக்காரி!"

"ரெண்டு தடவை கேட்டேன்ல." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஒருமுறை வேண்டாம் என்றதை இந்த வீட்டில் மறுமுறை கேட்பதே அதிகம். அப்படிப் பழக்கி வைத்தது நான்தான்.

பத்து நாள் கழித்து ஆர்க்கிடெக்ட் அம்மாவே போன் செய்தார். ஸ்டுடியோக்காரர்கள் யார் செய்தது என்று சொல்லாவிட்டாலும், அவருக்குத் தெரிந்திருந்தது. எலி போனை ஸ்பீக்கரில் போட்டபடிதான் பேசினாள்.

"கண்ணாடியைப் பார்த்ததுமே உன் கைன்னு கண்டுபிடிச்சிட்டேன்மா. இப்ப ஒரு பள்ளிக்கூடம் வந்திருக்கு. மூணு கட்டடம். உன் பேர்லயே பண்ணு."

"ரெண்டு வருஷத்துக்கு முடியாது மேடம். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"உன்கிட்ட மெஷின் இல்லைன்னுதானே அங்க போனே?"

"ஆமா மேடம், அப்ப இல்ல. இப்ப வாங்கிட்டோம்."

"ரெண்டு வருஷம் நான் காத்திருக்க முடியாதேம்மா" என்றார் அந்த அம்மா. எலி, பரவாயில்லை மேடம், ரொம்ப நன்றி மேடம் என்று மூன்று நான்கு முறை சொன்னாள். போனை வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, எட்டே காலுக்கான பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.