சிவப்பு உள்ளங்கை

மல்யுத்தக் குழு ஒன்றுக்கு நான் வரைந்த சிவப்பு உள்ளங்கை லோகோவைத் திருப்பதியில் பனியன்களில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். மையின் வாடை என்னைச் சின்ன வயதின் புத்தூருக்கு இழுத்துப்போனது.

ஊர் தமிழ்நாட்டுக்கா ஆந்திராவுக்கா என்று எல்லைத் தகராறு நடந்த காலம் அது. தமிழில் பேனர் எழுதினால் ஒரு கூட்டம் தார் பூசும்; தெலுங்கில் எழுதினால் இன்னொரு கூட்டம் கிழிக்கும். பேனர் எழுதும் என் நைனா, குஸ்திக்கு வந்த வெளியூர்ப் பயில்வானின் கையைச் சிவப்புப் பெயிண்டில் தோய்த்து, வெள்ளைத் துணியில் பதியவைத்தார்.

“என் பேரு எங்கண்ணா?” என்றார் பயில்வான்.

“பேரு போட்டா கிழிச்சிடுவானுங்கோ. கை போதும்.”

அந்தப் பேனரை யாரும் தொடவில்லை. குஸ்தியன்று “நம்மாளு!” என்று இரு கூட்டமும் கத்தியது. பயில்வான் தோற்றார். தமிழர்கள் அவரைத் தெலுங்கர் என்றார்கள், தெலுங்கர்கள் தமிழர் என்றார்கள்.

“பனியன்ல டீம் பேரு எந்த பாஷையில சார்?” என்றார் அச்சடிப்பவர்.

“தோத்தாலும் கூட நிக்கிறவங்க பாஷையில போடுங்க” என்றேன்.