மூன்று தெருவைப் பார்க்கும் முக்கு வீடு

2010 பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். மறுநாள் எனக்கு வேலை எதுவும் இல்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி என்ற நர்ஸிடம் பழைய கட்டடங்கள் பார்க்கும் என் பைத்தியத்தைச் சொன்னேன். “அப்ப எங்க வூட்டுக்கு வாங்க. இடிக்கறதுக்குள்ள பாத்துடுங்க” என்றார்.

காலை 8.10-க்குப் பஸ். கடலூர் பழைய டவுனுக்கு ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினைந்து ரூபாய். இறங்கியதும் பத்து நிமிட நடை.

வீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இரண்டு தெருக்கள் கூடும் முனையில் சுவரைச் சாய்வாகச் சீவி, அதில் வாசல் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே மரப் பால்கனி, முனையில் எங்கும் முறியாமல் இரண்டு தெருப் பக்கமும் வளைந்து ஓடுகிறது. சாய்த்து அடித்த மெல்லிய மரச் சட்டங்கள் வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. மூன்றாவது தெரு ஒன்று நேராக வந்து வாசலில் முட்டுகிறது.

“தெருக்குத்துன்னு யாரும் வாங்கல. அதான் எங்களுக்குக் கெடைச்சுது” என்றார் செல்வி. கடலோரத்தில் இருந்த அவர்கள் வீடு சுனாமியில் போய்விட்டது. அப்பாவும்தான்.

ஆசாரி ஏணியில் நின்று, பால்கனியைத் தாங்கும் கட்டைகள் உளுத்திருக்கின்றனவா என்று திருப்புளியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பால்கனியை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்லியிருக்கிறார் காண்ட்ராக்டர். செல்விக்கும் அதே எண்ணம். “அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. காரணமும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

பதினேழு படி ஏறினேன். பால்கனி திரும்பும் முனையில் அந்த அம்மா மீன்வலைப் பச்சை நிற நூல்புடவையில் உட்கார்ந்திருந்தார். இங்கே காற்று நன்றாக வருகிறதே என்று பேச்சுக்குச் சொன்னேன்.

“காத்துக்கு இல்ல தம்பி. அன்னிக்கு நான் அடுப்பாண்ட இருந்தேன். அலை முதுகுப் பக்கமா வந்துச்சு. பாக்கவே இல்ல. இங்க உக்காந்தா மூணு தெருவும் தெரியுது. எது வந்தாலும் செல்விய கூப்ட்டுடலாம்.”

டீயோடு வந்த செல்வி அப்படியே நின்றார். தம்ளர்களை வைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்து ஆசாரியிடம் கேட்டார். “எத்தினி கட்ட மாமா போயிருக்கு?”

“நாலுதாம்மா. மத்தது நல்லா இருக்கு.”

“அந்த நாலை மட்டும் மாத்துங்க.”

அம்மா டீயை எடுத்துக்கொண்டார்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போங்கள். அப்புறம் முகப்பில் வெயில் ஏறிவிடும், படம் சரியாக வராது. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். மேலே கூப்பிட்டால் தயங்காமல் ஏறுங்கள். அந்த முனையில் மட்டும் உட்கார வேண்டாம்.