மாலைக்கு டிராஃப்ட் கிடையாது

பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில், சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் பகுதிக்கு நான் பொறுப்பு. படித்தது பத்தாவது. திருநீறு பூசாமல் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். தொட்ட பிறகும் முருகனை நம்பித்தான் தட்டுவேன்.

முதலாளியின் மகனைச் சின்னவர் என்போம். அவர் வெளியூரில் படித்துவிட்டு வந்து, கம்பெனிக்குத் திட்டம் போட ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். அதில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு டிராஃப்ட் அறை. அடுத்து என்ன செய்யலாம் என்று அதற்குள் எழுதலாம், அழிக்கலாம். வேறு யார் கண்ணிலும் படாது. 'பப்ளிஷ்' பட்டனை அமுக்கினால்தான் பொதுத் திட்டத்தில் சேரும், எல்லோரும் பார்ப்பார்கள்.

"மனசுல இருக்கறதைத் தைரியமா எழுதுங்க. யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க" என்றார்.

எழுதினோம். டீ நேரத்தில் அவரவர் பெருமையைக் கேட்கவேண்டுமே! உற்பத்தி பார்ப்பவரின் அறையில் ஒரு மோட்டார்கூடப் பழுதாகித் திரும்பி வரவில்லை. விற்பனை பார்ப்பவர், பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு இருக்கும் வீட்டிலெல்லாம் நம் பம்பை மாட்டிவிட்டிருந்தார். தனி அறை கிடைத்தால் மனிதன் தனக்குத்தானே வரம் கொடுத்துக்கொள்கிறான்.

நான் மட்டும் என்ன? 'தைப்பூசம், நாலு நாள் லாரி கிடையாது, லீவு' என்று எழுதியிருந்தேன். போன ஆடியில் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். பிழைத்து எழுந்தால் இருவரும் சேர்ந்து பழனிக்கு நடந்து வருகிறோம் என்று அவள் வேண்டியிருந்தாள். ஆனால் பொதுத் திட்டத்தில் ஏறாத லீவு லீவே இல்லை என்பது சின்னவரின் புதுச் சட்டம்.

அமுக்கவேண்டியதுதானே என்பீர்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. உற்பத்தி பார்ப்பவர் எனக்கு மூத்தவர். அவருக்கு முன்னால் அமுக்கினால், பந்தியில் பெரியவர்கள் உட்காரும் முன்பே இலையில் கை வைத்த மாதிரி.

"ஏனுங்க, நீங்க மொதல்ல அமுக்குங்க" என்றேன் அவரிடம்.

"அய்யோ, நானுங்களா? விக்கறவரு சொல்லாம நான் எப்படிங்க முந்தறது?"

விற்பனைக்காரர் பதறிவிட்டார். "மொதலாளி இருக்கறப்ப நான் அமுக்கலாமுங்களா?"

முதலாளியோ, "நாம முந்துனா அதிகாரம் பண்ற மாதிரி ஆயிருமுங்க. அவங்களே சொல்லட்டுங்க" என்று தம் அறைக்குள் பொறுமையாகக் காத்திருந்தார். பொதுத் திட்டம் சலவைக்குப் போய்வந்த வேட்டி போல வெளேரென்று கிடந்தது.

தை பிறந்தது. மனைவி கோயிலில் மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"லீவு ஆச்சுங்களா?"

"டிராஃப்ட்ல இருக்குது அம்மணி."

"அது யாருக்குங்க தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டினாள். "இதை ஊரே பாக்கப் போட்டிருக்கறேனுங்க. மாலைக்கு டிராஃப்ட் கெடையாதுங்க. நீங்க ரூமுக்குள்ளயே பழனிக்கு நடந்துட்டு வாங்க. நான் ரோட்டுல போயிக்கறேன்."

மறுநாள் மீட்டிங். சின்னவர் பொதுத் திட்டத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். ஒன்றுமில்லை.

"ஏனுங்க, இத்தனை பேரு ஆளுக்கொரு ரூமுல ஒக்காந்து என்னங்க பண்ணுனீங்க?"

ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டோம். எனக்குள் அந்த மாலைதான் ஆடியது. முருகன் பார்வைக்கு மறைவாக எனக்கு ஏது தனி அறை? "மன்னிச்சுப்போடுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு அமுக்கினேன்.

சுவரில் ஒரே வரி: தைப்பூசம், நாலு நாள் லாரி கிடையாது, லீவு.

"லாரி இல்லைன்னா, செஞ்சதை எங்கீங்க அடுக்கறது? நாங்களும் லீவுங்க" என்றார் உற்பத்தி பார்ப்பவர், அவசரமாக.

"நானும் டிராஃப்ட்ல அதையேதானுங்க வெச்சிருந்தேன்" என்றார் விற்பனைக்காரர்.

முதலாளி மெதுவாகச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். உள்ளே மாலை. "ஒருத்தராச்சும் சொல்லுவீங்கன்னுதானுங்க பாத்துட்டிருந்தேன்."

சின்னவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

பூசத்தன்று பழனி மலை அடிவாரத்தில், பாதமெல்லாம் கொப்புளத்தோடு, முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டோம். பழக்கதோஷத்தில், "நீ மொதல்ல ஏறு அம்மணி" என்று விலகி நின்றேன்.

"சேந்து வாரோம்னுதானுங்க வேண்டியிருக்குது" என்று கையைப் பிடித்தாள்.