தெருமுனை தாண்டாத பாடை

என் அப்பா அம்மாவின் கல்யாணத்தை இரண்டு தெருக்காரர்களும் இன்றுவரை ஒரு ஆட்டமாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பட்டறைத் தெரு. வீட்டுக்கு வீடு பூட்டுப் பட்டறை. அம்மாவுக்கு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடுகிற இடங்களை ஒட்டிய தோல்ஷாப் தெரு. நடுவில் தண்டவாளமும் ஒரு மைதானமும் கால்பந்துப் பகையும் கிடந்தன. அந்தப் பகை எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு தெருவிலும் உடனே பதில் கிடைக்கும்.

“அவிங்க ஆளு ஒண்ணைத் தூக்கிட்டு வந்தாச்சு, ஒண்ணுக்குச் சைபர்” என்று அப்பாவின் கூட்டாளிகள் கல்யாணப் பந்தலிலேயே சொன்னார்களாம். “ஒங்க அடுப்படிக்குள்ள எங்க ஆளை எறக்கியிருக்கோம், போகப் போகத் தெரியும்” என்று பெண் வீட்டார் சொன்னார்களாம். இரண்டாவது சொன்னதுதான் பலித்தது. வருடாந்திர ஆட்டத்தில் பட்டறைத் தெரு ஜெயித்த அன்று எங்கள் வீட்டுக் குழம்பிலும் வெஞ்சனத்திலும் உப்பு இருக்காது. அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஜெயித்த மனிதருக்கு அதுகூடப் பொறுக்காதா என்ன.

நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது நடந்தது. மே மாத விடுமுறையில்தான் இரண்டு தெருவுக்கும் இடையிலான அந்தப் போட்டி நடக்கும். மலைக்கோட்டையின் பின்னால் வெயில் இறங்கத் தொடங்கும்போது ஆட்டம் ஆரம்பிக்கும். பட்டறை அணிக்கு மஞ்சள் சட்டை, தோல்ஷாப்புக்குச் சிவப்பு. மஞ்சளில் பந்தைக் கொண்டுபோய் கோல் அடிக்கிறவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. சிவப்பில் கோல் காக்கிறவர் அம்மாவின் தம்பி, என் மாமா. ஆகவே, ஊரார் எதை வேடிக்கை பார்க்கப் போனார்களோ அது எங்களுக்குக் குடும்ப விவகாரம். சித்தப்பா உதைத்தாலும் கத்துவேன், அதை மாமா பாய்ந்து பிடித்தாலும் கத்துவேன். அந்த மைதானத்தில் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தவள் நான் ஒருத்திதான்.

மாமாவின் கைகளில் ஆவாரம்பட்டை வாசனை அடிக்கும். பகலெல்லாம் தோலை அந்தச் சாற்றில் ஊறப்போட்டு எடுப்பதுதான் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் என்னைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, நாலடி தள்ளிப்போய் நின்று, “குதி தாயி” என்பார். ஒரு தரமும் என்னைத் தவறவிட்டதில்லை. “உசரம் கொறச்சலா இருக்கு மாமா” என்று நான்தான் குறைபட்டுக்கொள்வேன்.

அந்தப் போட்டியில் கோப்பை ஒன்று உண்டு. ஆனால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பெரிய விஷயம் பாடைதான்.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணித் தலைவர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர்கள் அதை ஒரு வைக்கோல் ஆளுக்கு மாட்டி, மூங்கிலில் கட்டிய பாடையில் படுக்கவைத்து, தப்பு அடித்துக்கொண்டு தோற்றவர்களின் தெரு வழியாகத் தூக்கிப் போவார்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்துத் தண்ணீரை எடுத்துத் தூக்குகிறவர்கள் மேல் ஊற்றுவார்கள். கூடவே ஒப்பாரியும் வைப்பார்கள். எல்லாம் பொய் ஒப்பாரி. பாடை தெருமுனைக்கு வந்ததும், அங்கே பதுங்கியிருக்கிற தோற்ற அணிக்காரர்கள் பாய்ந்து வைக்கோல் ஆளைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். பிடுங்கிவிட்டால் மானம் தப்பியது. விட்டுவிட்டால் முனையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்கள். அடுத்த மே மாதம் வரைக்கும் அந்தத் தெரு ஆண்கள் டீக்கடைப் பக்கம் நிம்மதியாகப் போக முடியாது.

பொய் ஒப்பாரியில் அம்மாவை மிஞ்ச இரண்டு தெருவிலும் ஆள் இல்லை. பட்டறை தோற்றால் வாக்கப்பட்ட தெரு என்று இங்கே அழுவாள். தோல்ஷாப் தோற்றால் பிறந்த தெரு என்று கேட்டைத் தாண்டிப் போய் அழுவாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கைச் சிந்தி, மாரில் அடித்துக்கொண்டு அவள் ஆரம்பித்தால் தூக்குகிறவர்களுக்கே சிரிப்பில் கால் பின்னும்.

கோலு தடுத்த ராசாவே
கோழிக்கொழம்பு ஆறுதய்யா
எந்திரிச்சு வாருமய்யா

கடைசி வரியை அவள் இழுத்து முடிப்பதுதான் அடையாளம். அதைக் கேட்டதும் பதுங்கியிருப்பவர்கள் பாய வேண்டும். எங்கள் தெருவில் சித்தப்பாவின் ஆட்கள் பாதித் தடவை கோட்டைவிடுவார்கள். தோல்ஷாப்பில் அது நடக்காது. அங்கே பாய்கிறவர் மாமா. நாலு பேர் தோளுக்கு நடுவில் புகுந்து வைக்கோல் ஆளைப் பந்தைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நான் பார்த்தவரை அந்தத் தெருவின் முனையை எந்தப் பாடையும் தாண்டியதில்லை.

அந்த வருடம் எங்கள் போட்டிக்கு முன்னால் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு போட்டி நடந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் அதில் ஆடிவிட்டு, இரவு அங்கேயே தங்கி, காலையில் ஒரு வேனில் ஏறித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் வேன் கவிழ்ந்துவிட்டது. பலருக்குக் கை கால் முறிந்தது. இறந்தது மாமா மட்டும்.

சேதியோடு சைக்கிளில் வந்தவர் அப்பாவைப் பட்டறைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பா வீட்டுக்குள் அடுப்படி வாசலுக்கு வந்தார். “தம்பிக்கு அடிபட்டிருச்சாம். கெளம்பு, போயிட்டு வருவோம்” என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

மத்தியானத்துக்குமேல் மாமாவைக் கொண்டுவந்தார்கள். வீடு நிறைய அழுகை. அம்மா மட்டும் அழவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டு அவள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவள் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை. “அழுதுரு ஆத்தா, மனசுல வச்சுக்கிறாத” என்று யாரோ சொன்னார்கள். எத்தனையோ வருடம் வைக்கோலுக்காக அழுது சிரிக்கவைத்தவளிடம் தம்பிக்கென்று ஒரு வரி மிச்சமில்லை.

எடுக்கிற நேரம் வந்தபோதுதான் தூக்க ஆள் இல்லை என்று தெரிந்தது. மாமாவோடு ஆடியவர்கள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார்கள். வந்திருந்த ஒன்றிரண்டு பேரும் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வயதான பங்காளிகள் துண்டை இடுப்பில் கட்டத் தொடங்கினார்கள். அப்போது பட்டறை அணியினர் மொத்தமாக உள்ளே வந்தார்கள். ஒருவர் மேலும் மஞ்சள் சட்டை இல்லை. யார் மேலும் சட்டையே இல்லை. சித்தப்பா அம்மாவின் அப்பாவிடம் போய்க் குனிந்து, “மாமா, எங்க பயலுக தூக்கட்டுமா?” என்று கேட்டார்.

தாத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க தூக்காம வேற யாரு தூக்குறது. அவன் ஒங்ககூடத்தானப்பா வெளாண்டான்” என்றார்.

சாவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இறந்தபோது லீவு விட்டார்கள். ஆனால் பாடை என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதே தெரு, அதே தப்புச் சத்தம், முன்னால் இடப்பக்கம் அதே சித்தப்பா, பின்னால் அதே ஆட்கள். பார்க்கப் பார்க்க என் மனசு லேசானது. இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கெல்லாம் அது மறந்துவிட்டது போலிருந்தது. எல்லாரையும் முந்திக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் சாவு ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே பாடையை இறக்கிவைப்பார்கள். சுற்றி வருவார்கள், பாடையின் திசையை மாற்றுவார்கள். அதன்பிறகு ஆண்கள் மட்டும் சுடுகாட்டுக்குப் போவார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. பாடையை இறக்கியதும், சித்தப்பா நல்லவர், பிடுங்க வசதியாகக் கீழே வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மாமா எப்போதும் பதுங்குகிற சுவரோரம் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு நின்றவர்களும் அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அம்மா இன்னும் பாடவில்லை. அடையாளம் கொடுக்காமல் அவர்கள் எப்படிப் பாய்வார்கள்?

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். “பாடும்மா. நீ பாடாம யாரும் வர மாட்டேங்கிறாக.” அம்மா என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பாடையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். தூக்கப்போகிறார்கள். நேரமில்லை. நானே பாடினேன். மூக்கைச் சிந்தினேன், மாரில் அடித்துக்கொண்டேன், அவள் இழுப்பதுபோலவே இழுத்தேன். கோலு தடுத்த ராசாவே. கோழிக்கொழம்பு ஆறுதய்யா. எந்திரிச்சு வாருமய்யா.

தப்பு நின்றுவிட்டது. என்னை யாரும் திட்டவில்லை. குனிந்து மூங்கிலில் கை வைத்திருந்த சித்தப்பா அப்படியே இருந்தார். மற்றவர்களும் அப்படியே இருந்தார்கள். “தூக்குங்கப்பா, பொழுது போகுது” என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர்கள் தூக்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்தாள். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பாட்டு இல்லை. அதன்பிறகுதான் சித்தப்பா நிமிர்ந்தார். பாடை முனையைத் தாண்டிப் போயிற்று. தூக்கியவர்கள் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பின்னால் வந்து பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த வருடம் போட்டி நடக்கவில்லை. பட்டறைத் தெரு வீடுகளிலிருந்து தினமும் தூக்குச்சட்டிகள் ஆஸ்பத்திரிக்குப் போயின. அப்பா பட்டறையைச் சாத்திவிட்டு அங்கேயே இரவு தங்கினார். தோல்ஷாப் ஆட்களின் கால்களைப் பிடித்து நடக்கப் பழக்கியவர்கள் எல்லாரும் மஞ்சள் சட்டைக்காரர்கள். அம்மா எப்போதும்போலச் சமைத்தாள், உப்பும் சரியாக இருந்தது. எனக்குத்தான் சித்தப்பாவைப் பிடிக்காமல் போய்விட்டது. அவர் கொஞ்சம் மெதுவாகத் தூக்கியிருக்கலாம் என்று எனக்கு எண்ணம். அவர் வாங்கிவந்த பன்னைத் தொடாமல் வைப்பேன். அவரும் ஏன் என்று கேட்கமாட்டார். மறுநாளும் வாங்கிவருவார்.

அடுத்த மே மாதம் சிவப்பு அணி மறுபடி இறங்கியது. கோலில் நிற்க மட்டும் அந்தத் தெருவில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. சித்தப்பா கேட்டைத் தாண்டிப் போய் மாமாவின் சிவப்புச் சட்டையைத் தாத்தாவிடம் கேட்டு வாங்கிவந்து, தானே மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். அவரோ கால்காரர், கைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. பந்து ஒரு பக்கம் வந்தால் அவர் இன்னொரு பக்கம் விழுந்தார். தற்செயலாக ஒரு பந்து அவர் நெஞ்சில் பட்டு நின்றபோது இரண்டு தெருவும் எழுந்து கைதட்டியது. அப்பா தன் அணிக்கு எதிராகவே தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு அழுகை வந்தது. பாடையையும் கொண்டுபோனார், சட்டையையும் எடுத்துக்கொண்டார், இப்போது மாமாவின் இடத்தையும் எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

சிவப்பு தோற்றது. யாரும் வைக்கோல் கொண்டுவரவில்லை, யாரும் மூங்கில் வெட்டவில்லை. ஜனங்களுக்கு எப்படி வீட்டுக்குப் போவது என்றே தெரியவில்லை. அவர்கள் எப்போதும் ஒரு பாடைக்குப் பின்னால் நடந்தே பழகியவர்கள். கடைசியில் இரண்டு தெருவும் கலந்து தோல்ஷாப் தெரு வழியாக நடந்தது. அம்மா வாசலில் குடத்தோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

தெருமுனையில் கூட்டம் பிரிந்து போனது. சித்தப்பா மட்டும் அந்தச் சிவப்புச் சட்டையோடு சுவரோரமாக நின்றுவிட்டார். கோபத்தை மறந்து, பக்கத்தில் போய், “யாரு வாராகன்னு நிக்கிறீக?” என்று கேட்டேன்.

“யாரும் வரல தாயி. செத்த நேரம் நின்னுட்டுப் போவோம்” என்றார்.

சரி என்று நானும் நின்றேன். தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பட்டறையும் தோல்ஷாப்பும் பிறகு ஒரே அணியாகிவிட்டன. இன்றைக்கு இரண்டு தெரு ஆட்களும் சந்தித்தால் மாமா பிடித்த பந்துகளைத்தான் விடிய விடியப் பேசுகிறார்கள். மாமாவைத் தூக்கிப்போன அந்தச் சாயங்காலம் முனையில் யாராவது பாய்ந்து வந்து பிடுங்கிவிட மாட்டார்களா என்று நான் ஏங்கியது உண்மைதான். என்னைவிட அதிகமாக ஏங்கியவர்கள் குனிந்து மூங்கிலில் கை வைத்திருந்தவர்கள்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.