மூன்று கால் ஓட்டம்

அந்தக் கேமராவில் பொத்தானை அழுத்திவிட்டுப் படம் விழுவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி அளவு. சட்டைப் பையில் அடங்கும் என்பதற்காகவே வாங்கியது. பிறந்தநாள் கேக், கல்யாண மேடை, சார்மினார் என்று அசையாமல் நிற்கும் எதையும் அழகாக எடுக்கும். சென்ற வாரம் அலமாரியை ஒழித்தபோது கையில் அகப்பட்டது. பேட்டரி உப்பிப்போய் மூடியைத் திறக்க முடியவில்லை. ஆனால் எடுத்த மாத்திரத்தில் என் ஆள்காட்டி விரல் பொத்தானைப் பாதி மட்டும் அழுத்திக்கொண்டு நின்றது. அந்த விரலை அப்படிப் பழக்கியவர்கள் இரண்டு பேர். ஒன்று சோட்டு என்கிற நாய். இன்னொருவர் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேடம்.

பாலாநகரில் விமான மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் கொள்முதல் பிரிவு, அவர் தரப் பரிசோதனைப் பிரிவு. நான் வாங்குவேன், அவர் திருப்பி அனுப்புவார். இருபது வருஷமாக எங்களுக்குள் இருந்த உறவு இவ்வளவுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்; சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டால் பிறகு கடவுளே வந்து கெஞ்சினாலும் எடுக்கமாட்டார். "ஒரு ரீடிங் ரீடிங்கே இல்ல. மூணு பாருங்க, அப்புறம் பேசுங்க" என்பது அவர் வாய்ப்பாடு. மேடம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாங்கள் கேண்டீனில் சிரிப்போம். மாரெட்பள்ளியில் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தோம். நான் தரைத்தளம், அவர் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பேச்சும் கிடையாது. அவர் தனியாக இருந்தார். கூட இருந்தது பழுப்பு நிறத் தெருநாய் ஒன்று. பெயர்தான் சோட்டு, அதாவது சின்னப் பயல்; எடை பதினேழு கிலோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, வீட்டுக்கே வந்து எதையோ ரிஜெக்ட் செய்யப்போகிறார் என்றுதான் பயந்தேன்.

"சார், உங்க கிட்ட கேமரா இருக்குல்ல? ஓடுற நாயை எடுக்க வருமா?" என்றார்.

விஷயம் இது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஸ்கூட்டர் சோட்டுவின் வலது பின்னங்காலில் இடித்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், கட்டும் பிரித்தாயிற்று. நொண்டல் மட்டும் போகவில்லை. கட்டுப் போட்ட நாளிலிருந்து தினமும் மூன்று வேளை மேடம் அதைத் தூக்கிக்கொண்டுதான் மூன்று மாடி இறங்கி ஏறினார். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பேகம்பேட் டாக்டரின் மேசையில் அந்த நாய் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்குமே தவிர ஓடிக் காட்டாது. கடைசியில் டாக்டர், தசைநாராக இருக்கலாம், அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லி, அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை நாள் குறித்துவிட்டார். கூடவே, எட்டு வயது நாய், இதயம் கொஞ்சம் பலவீனம், மயக்க மருந்திலிருந்து எழுந்திருக்காமலும் போகலாம் என்றும் சொல்லியிருந்தார்.

"எதையும் திறக்கிறதுக்கு முன்னாடி வெளியில டெஸ்ட் பண்ணணும் இல்லியா சார்? ஓடும்போது அந்தக் கால் தரையில எப்படி விழுதுன்னு பார்க்கணும். என் கண்ணுக்கு அகப்படல, அவ்வளவு வேகம்." அவர் குரல் உடைந்தது. அந்தக் குரலுக்கு உடையத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உடனே தெருக்கோடிப் பள்ளி மைதானத்துக்குப் போனோம். மேடம் ஒரு கோடியில் நின்று கூப்பிட, சோட்டு மறுகோடியிலிருந்து ஓடிவர, நான் நடுவில் நின்று சுட்டுத் தள்ளினேன். நாற்பது படம். பத்தில் வெறும் புல்தரை. ஏழில் வால் மட்டும். மிச்சத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு புகை. வீடியோ எடுத்துப் பார்த்தேன், நான்கு கால் ஆறு காலாகத் தெரிந்தது. கேமரா சரியில்லை என்றேன். "சரியில்லன்னா எவ்வளவு சரியில்ல? அளந்தீங்களா?" என்று கேட்டார் மேடம்.

அன்று மாலையே ஸ்டாப்வாட்சோடு வந்துவிட்டார். கடிகாரத்தை ஓடவிட்டு, எண் பத்தைத் தொடும்போது நான் பொத்தானை அழுத்தவேண்டும். படத்தில் என்ன எண் விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். பத்தரையைத் தாண்டி விழுந்திருந்தது. மூன்று தடவையும் அப்படியே. அந்த நேரத்துக்குள் சோட்டு நாலைந்து கெஜம் ஓடிவிடும், பிறகு படத்தில் எங்கே இருக்கும்! பொத்தானைப் பாதி அழுத்திக் கேமராவைத் தயாராக நிறுத்திவைத்துக்கொண்டு, பத்தானதும் மீதியை அழுத்தினால் தாமதம் கடுகளவு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று வருஷமாக என் பையில் கிடந்த பொருள், அதன் குணத்தை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் கூட அதே நினைப்பு. ஓடும் மனிதன் படம் போட்ட ஒரு குறியீடு கேமராவில் இருந்தது. அதற்குத் திருப்பினால் வேகமாக எடுக்கும், ஆனால் நல்ல வெயில் வேண்டும். ஆகவே காலை ஆறரைக்குப் பதில் ஒன்பது மணி. நாய் எதிரே ஓடிவந்தால் தூரம் மாறிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஓடினால் மாறாது. ஆகவே தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் கேமராவைக் குறிவைத்துப் பாதி அழுத்தியபடி நான் மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்ளவேண்டும். செங்கல்லைச் சோட்டு தாண்டும் நொடியில் மீதி அழுத்தவேண்டும். நாற்பத்தெட்டு வயதில் மைதானத்தில் குப்புறப் படுத்திருக்கும் அப்பாவைப் பார்த்த என் மகள், "டாடி, பீப்பிள் ஆர் வாட்சிங்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிக்கல். நான் பாதி அழுத்தியதும் கேமரா 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் சோட்டு ஓடுவதை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்து வாலாட்டி நிற்கும். தப்பு என்னுடையதுதான். முதல் நாள் சிநேகம் பிடிப்பதற்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தேன். "கைக்கு சார் பிஸ்கட்? எதுக்குக் குடுத்தீங்க? இப்ப பாருங்க" என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டார். கையேட்டைப் புரட்டி அந்தச் சத்தத்தை அணைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தொகுதி, மாலை வெயில் சாய்வதற்குள் ஒரு தொகுதி. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு மீசை மயிரையும் எண்ணும்படி விழுந்திருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. எல்லாப் படத்திலும் அந்த வலது பின்னங்கால் மட்டும் வயிற்றோடு மடங்கியே இருந்தது. ஒரு படத்தில்கூடத் தரையைத் தொடவில்லை. மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு ரீடிங் ஆச்சு. மூணாவதும் இதையே சொன்னா ஆபரேஷன்தான்" என்றார். கொடுத்த உப்புமாவைத் தொடவில்லை.

மூன்றாவது ரீடிங் புதன்கிழமை. அன்று பார்த்து மேடத்துக்குத் தொழிற்சாலையில் தணிக்கை, விடுப்பு எடுக்க வழியில்லை. நான் லீவு போட்டுவிட்டு, அவர் விட்டுச்சென்ற சாவியால் கதவைத் திறந்து, பதினேழு கிலோவைத் தூக்கக் குனிந்தேன். சோட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. மேலே கீழே மேடத்தைத் தேடியது. பிறகு எனக்கு முன்னால் தடதடவென்று மூன்று மாடியும் இறங்கிவிட்டது.

என் கண்ணை நான் நம்பவில்லை. மேடத்தோடு பழகிய தோஷம். மைதானத்துக்குப் போய்ச் செங்கல்லை வைத்துப் படுத்தேன். இரண்டு மைனாக்கள் செங்கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து இறங்கின. சோட்டு பாய்ந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒரு படத்தில் நான்கு கால்களும் அந்தரத்தில். அடுத்ததில் வலது பின்னங்கால், விரல்கள் விரிய, உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு மண்ணில் ஊன்றியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிச்சத்தை அளந்தோம், தாமதத்தை அளந்தோம், தூரத்தை அளந்தோம். ஒவ்வொரு ரீடிங்கிலும் மேடம் கோடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் இரண்டு பேரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. இருபது வருஷம் என் சரக்கை ரிஜெக்ட் செய்தவரை ரிஜெக்ட் செய்ய எனக்கு ஒரு வாய்ப்பு. அற்ப சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது என்பதை மறைப்பானேன். பிறகு, இதை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தவித்தேன். அவர் தூக்கிச் சுமந்ததுதான் நொண்டலுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

மாலையில் வந்தவர் படங்களை மூன்று முறை பார்த்தார்.

"நான் எங்க நிக்கிறேன் இதுல?"

"நீங்க இல்ல மேடம். பேக்டரியில இருந்தீங்க."

அவருக்கு ஒன்றும் விளக்கத் தேவையிருக்கவில்லை. "ஹவ்... ஆமா..." என்று இழுத்தார். "அப்ப பழுது நாய்கிட்ட இல்ல. என்கிட்ட." சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னார்.

மறுநாள் காலை படிக்கட்டில் அதே கனத்த, நிதானமான காலடிச் சத்தம். வெளியே வந்து பார்த்தேன். மேடம் சோட்டுவைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், இன்னுமா?"

"அவன் படியில நின்னு காலைத் தூக்கிக் காட்றான் சார். நக்கோ, வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றார். மூச்சு வாங்கியது. முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது. சோட்டு இருந்த மீதி நான்கு வருஷமும் அப்படித்தான் இறங்கியது.

இப்போது என் போன் ஒரு நொடிக்கு முப்பது படம் எடுக்கிறது. செங்கல் வேண்டாம், படுக்க வேண்டாம். ஓடும் நாயின் நகம்வரை விழுகிறது. எடுத்ததைத் திரும்பப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மேடம் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது, அதே மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். போன வருஷம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆயிற்று. நேற்று காலை ஜன்னல் வழியாக அவர் கடையிலிருந்து வருவதைப் பார்த்தேன். ஒரு கையில் காய்கறிப் பை, வீசி நடந்து, தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரை ஒரே எட்டில் தாண்டி வந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். என்னைக் கண்டதும் அவர் நடை தளர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். வலது காலை மெல்ல இழுத்து வைத்தார். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, நான் எடுக்கவில்லை.

"பையைக் கொடுங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டு, மறு கையை நீட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக, மிக மெதுவாக, மூன்று மாடியும் ஏறினோம்.