பால் ஊசிக் காய்ச்சல்

மருதமுத்துவுக்குச் சாயங்காலம் குளிர் நடுக்கம் கண்டது. பற்கள் தந்தியடித்தன, கட்டிலே ஆடியது. தெர்மாமீட்டர் நூற்று மூன்றைத் தாண்டி நின்றது. நான் ஓடிப்போய்க் கண் டாக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழாமலே, "வெரி குட்" என்றார்.

கதவோரம் நின்றிருந்த அஞ்சலை அதைக் கேட்டுவிட்டாள். மருதமுத்துவின் மனைவி. பள்ளிக்கூடம் போகாதவள்தான். ஆனால் 'குட்' என்றால் என்ன என்று தெரியாத ஆள் அன்றைக்கும் யாரும் இல்லை.

"எம் புருசனுக்குக் காச்சல் வந்தா ஒங்களுக்கு நல்லதா?" என்றாள். டாக்டர் என் பக்கம் கையைக் காட்டினார். இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது நர்ஸின் வேலை என்பது அவருடைய கொள்கை.

அப்போது நான் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த புதிது. ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருமுனைக்குத் தெருமுனை கருப்பு சிவப்புக் கொடி. வயலோரக் குடியிருப்புகளில் வெறும் சிவப்பு. ஆஸ்பத்திரியில்கூட எதிராளி எந்தக் கொடி என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார்கள். நானும் இயற்கையிலேயே யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. அந்த ஊர் எனக்குப் பொருந்திப் போனது.

பால் எங்கிருந்து வந்தது?

மருதமுத்து பண்ணையில் வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் சொன்னால் தெரு அறுப்புக்கு இறங்கும். வேண்டாம் என்றால் ஒரு அரிவாளும் நகராது. களத்தில் கதிர் அடிக்கும்போது ஒரு நெல் தெறித்து அவர் கண்ணில் பட்டது. வீட்டில் தாய்ப்பால் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். கருவிழியில் புண்ணாகி, சீழ் கட்டிய பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். இதற்கிடையில் கூலித் தகராறு முற்றி அறுப்பு பாதியில் நின்றுவிட்டது. பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கினார்.

மருதமுத்துவுக்கு இன்னொரு கண் கிடையாது. சின்ன வயதில் அம்மை அதைக் கொண்டுபோய்விட்டது. இந்தக் கண்ணும் போனால் முழுக் குருடு.

அட்ரோபின், சல்ஃபா சொட்டு எல்லாம் போட்டோம். கூடவே டாக்டர் பால் ஊசி எழுதினார். நர்ஸிங் படிக்க வந்திருக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நீங்கள் நம்பமாட்டீர்கள். பசும்பாலை டெஸ்ட் ட்யூபில் ஊற்றி, கொதிக்கவைத்து, ஆடையை எடுத்துவிட்டு, சிரிஞ்சில் இழுத்து இடுப்புத் தசையில் போடுவோம். சில மணி நேரத்தில் காய்ச்சல் தூக்கும். அந்தக் காய்ச்சல்தான் மருந்து. அது கண் புண்ணையும் ஆற்றும் என்பது அன்றைய நம்பிக்கை. பால் என்று தெரிந்தால் எழுந்து ஓடிவிடுவார்கள் என்பதால், நோயாளியிடம் 'கண்ணுக்கு ஊசி' என்று மட்டும் சொல்வது அங்கே வழக்கம்.

ஆனால் நான் ஸ்பிரிட் விளக்கில் பால் காய்ச்சியதை அஞ்சலை பார்த்திருந்தாள். அந்தப் பால் எங்கிருந்து வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குத் தினமும் பால் அனுப்பியது பண்ணை வீடு. தர்மம் என்று பெயர்.

போதாக்குறைக்கு அன்று காலையில்தான் பண்ணையாருக்காகக் கணக்கும் ஆட்களும் பார்க்கும் காரியக்காரர் ஆரஞ்சுப் பையோடு வந்து, "என்னப்பா மருதமுத்து, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். ஆரஞ்சை யாரும் தொடவில்லை. எறும்புதான் தின்றது.

"நேத்து வரைக்கும் 'டா' போட்டுக் கூப்புட்டவரு, இன்னிக்கி 'அப்பா'ங்கிறாரு. காலையில அவரு வர்றாரு, பண்ணைப் பால ஏத்துறீங்க, பொழுது சாய காச்சல் வருது. நாங்க என்ன நெனைக்கிறதுங்க?" என்றாள் அஞ்சலை.

நியாயமான கேள்வி. அவள் இடத்தில் நான் இருந்தால் ஆஸ்பத்திரியையே கொளுத்தியிருப்பேன்.

அயலான்

அதற்குள் தெரு ஆட்கள் நாலைந்து பேர் மாட்டு வண்டியோடு வந்துவிட்டார்கள். கூட்டிப் போகிறோம் என்றார்கள். "கூட்டிட்டுப் போனா கண்ணு போச்சு. அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் உள்ளிருந்து கத்தினார். வண்டியில் ஏற்றினால் அந்த மனிதர் ஆயுளுக்கும் இருட்டில்தான் இருக்க வேண்டும்.

அஞ்சலையைத் தனியாக அழைத்து உள்ளதைச் சொன்னேன். "பாலைக் குடிச்சா வயிறு அதை அரைச்சு நம்மளுதா ஆக்கிக்கும். ஊசியில நேரா உள்ள போனா, ஒடம்புக்கு அது அயலான். யாருடா நீன்னு ரத்தத்துல இருக்கிற காவக்காரனுங்க எல்லாம் எழுந்துக்குவாங்க. அவங்க மூளைக்குத் தாக்கல் அனுப்புவாங்க. மூளை சூட்டை ஏத்தும். அதான் காய்ச்சல்."

"வெளியூரு ஆள வயல்ல எறக்குனதும் எங்க தெரு கொதிச்சுதே, அந்த மாதிரியா?"

"அதேதாம்மா. அப்படி முழிச்சுக்கிட்டவனுங்க, கண்ணுல இருக்கிற கிருமியையும் சேத்து ஒரு கை பாப்பாங்கன்னு டாக்டரோட கணக்கு."

"தாய்ப்பால கண்ணுல விட்டோம், அதுல ஒரு அர்த்தம் இருக்கு. இடுப்புல குத்துறதுக்கும் கண்ணுக்கும் என்னங்க?" அவள் முகத்தில் நம்பிக்கை துளியும் இல்லை.

"காலைக்குள்ள காய்ச்சல் தானா எறங்கும். மாத்திரைகூடக் குடுக்க மாட்டேன். எறங்கலேன்னா நானே வண்டியில ஏத்தி விடுறேன்" என்றேன். வண்டி வெளியே நின்றது. மாட்டை அவிழ்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

விடியும்போது மருதமுத்து வியர்த்துக் கொட்டிக் கஞ்சி கேட்டார். அஞ்சலை சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. "வெசத்தக் கொஞ்சமா வெச்சிருப்பாங்க" என்றாள். அடுத்த ஊசி போட வேண்டுமானால் தன் வீட்டு ஆட்டுப் பாலில்தான் போட வேண்டும். தன் கண் முன்னால் காய்ச்ச வேண்டும் என்றாள்.

டாக்டர் குதித்தார். பிறகு, "ஆடோ மாடோ, ஃபாரின் ப்ரோட்டீன்தானே, காய்ச்சல் வந்தா சரி" என்று ஒப்புக்கொண்டார்.

வண்டியும் ஆட்களும் வாசலை விட்டு நகரவில்லை. மறுநாள் அவள் செம்பில் பால் கொண்டுவந்தாள். செம்பின் வாயைத் துணியால் இறுக்கக் கட்டியிருந்தாள். என் கையில்கூடக் கொடுக்கவில்லை. தானே ட்யூபில் ஊற்றினாள். இரண்டாவது முறை அயல் புரதம் போகும்போது உடம்பு சில சமயம் மிஞ்சிச் சீறும், ஆளே மயங்கி விழலாம். அதனால் அட்ரினலினை ட்ரேயில் எடுத்து வைத்துக்கொண்டுதான் ஊசியைப் போட்டேன். எனக்கு ஆட்டின் மேலும் நம்பிக்கை இல்லை.

அன்று நாங்கள் எல்லோரும் காய்ச்சலுக்காகக் காத்திருந்தோம். எந்த நோயாளிக்கும் காய்ச்சல் வர வேண்டும் என்று நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. வராவிட்டால் பண்ணைப் பாலில் விஷம் என்று தீர்ந்துவிடும். அரிவாள் வேறு வேலைக்குப் போகும்.

பொழுது சாயும் நேரத்தில் மருதமுத்துவின் பற்கள் தந்தியடித்தன.

அஞ்சலை கட்டில் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வெள்ளச்சியாங்க இப்படிப் பண்ணுது? குட்டியிலேருந்து நான் வளத்த ஆடுங்க."

"நீ வளர்த்தது உனக்குத் தெரியும். அவரு ரத்தத்துக்குத் தெரியாதே."

அஞ்சலை எழுந்தாள். பிறகு வெளியே போய், "வண்டியப் பூட்டிக்கிட்டுப் போங்கய்யா, இது காச்சல்தான்" என்று ஆட்களிடம் சொன்னாள்.

கட்டைப் பிரித்த அன்று

சீழ் வற்றி, புண் ஆறி வந்தது. கண் கட்டைப் பிரித்து டாக்டர் விரல்களை நீட்டினார். "இது எத்தனை, சொல்லு."

மருதமுத்து விரலைப் பார்க்கவில்லை. டாக்டரின் தோளைத் தாண்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெரல அப்புறம் பாப்பங்க. அங்க வாசல்ல பையோட நிக்கிறது காரியக்காரருதானே? இன்னிக்கி எதுக்கு வந்திருக்காருன்னு மொதல்ல கேளுங்க."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் இந்த முறை 'குட்' சொல்லவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்.

பால் ஊசியை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. அந்தக் காய்ச்சலுக்குப் புரதம் பாதிதான் காரணம், பாலில் செத்துக் கிடந்த கிருமிகள் மீதி என்று பின்னால் சொன்னார்கள். அந்தக் கண்ணை ஆற்றியது பாலா, சொட்டு மருந்தா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. எந்த ஊசியானாலும் அது என்ன, போட்டால் என்ன வரும் என்பதைப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். சொன்னால் சிலர் பயந்து எழுந்து போவார்கள். போகட்டும். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாம் எதையோ மறைத்தோம் என்று நினைத்துப் போனவர்கள் ஒருவரும் வந்ததில்லை.