தீர்த்தம் ஊற்றிய விமானம்

“பெங்களூர்ல தண்ணி எங்க உறையுதும்மா? ஸ்கூல்ல படிச்சதை எல்லாம் இங்க எறக்காத.”

ஆடுகோடியில் நான் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி இப்படித்தான் சொன்னார். எனக்கோ எல்லாவற்றையும் இறக்கிவிடத்தான் ஆசை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததில் ஒரு வரியைக்கூட வீணாக்க மனம் வராது.

முதலாளியும் அவருடைய நண்பர்களும் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைத் தாங்களே செய்திருந்தார்கள். கார் எஞ்சினைப் போலவே அதன் எஞ்சினுக்குள்ளும் சூட்டைத் தணிக்கக் கூலன்ட் என்ற, குளிரில் உறையாத திரவம் ஓடும். ஆயுத பூஜையன்று விமானத்தைக் கழுவி, குங்குமம் வைத்து, மூக்கில் மாலை போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். பச்சை நிறக் கூலன்ட் பார்க்க விஷம் மாதிரி இருக்கிறது என்று அதை வடித்துவிட்டு, அல்சூர் கோயிலிலிருந்து குடம் நிறையக் கொண்டுவந்த தீர்த்தத்தை எஞ்சினில் ஊற்றிவிட்டார் முதலாளி.

இப்போது விமானத்தை இமாசலத்தில் ஒருவர் வாங்கிவிட்டார். லாரி வரப்போகிறது. அங்கே பனி கொட்டும் காலம். தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளந்துவிடும் என்றேன்.

“தீர்த்தம்மா அது! தீர்த்தம் போய்ப் பிளக்குமா?”

பழைய சாமான் குவியலிலிருந்து, எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் ஒன்றை எடுத்தேன். அதற்குள் தண்ணீர் நிரப்பி, ஓட்டைகளை போல்ட் போட்டு இறுக்கி, ஈஜிபுராவில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

“மாவு வைக்கிற எடத்துல இரும்பை வைக்கிறியே, இதுக்காடி உன்னைப் படிக்க வெச்சேன்?” என்றாள் அம்மா.

“இரும்பு இல்லம்மா, அலுமினியம்.”

திருத்தியிருக்கக் கூடாது. ஹெட்டும் நானும் வெளியே வந்தோம்.

தெருமுனைக் கோழிக்கடை பாயிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னா பீஸும்மா? லெக்கா, பிரெஸ்டா?”

“விமானம், பாய்.”

“ஹலாலா?”

சிரித்துக்கொண்டே, ஃப்ரீசரில் ஈரல் பொட்டலங்களுக்கு நடுவே இடம் கொடுத்தார். மறுநாள் காலையில் எடுத்தபோது ஹெட்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு விரிசல். அதன் வழியே பனிக்கட்டி எட்டிப் பார்த்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாவாடை நனைந்தது, பெருமை நனையவில்லை.

முதலாளி விரிசலைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு மோந்து பார்த்தார்.

“சிக்கன் வாசனை வருதே.”

“அதை விடுங்கண்ணா. எஞ்சின்ல இருக்கறதை வடிச்சுடலாமா?”

“தீர்த்தத்தைத் தரையில விடறதா? பாவம்மா! சரி, லாரி சாயங்காலம்தான் வருது. இரு, ராகுகாலம் எப்ப முடியுதுன்னு பார்க்கறேன்.”

அவர் நாட்காட்டியைத் தேடி உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான், பட்டறை வாசல் துளசி மாடத்தின் பக்கத்தில் கிடந்த பழைய தீர்த்தக் குடத்தை எஞ்சினுக்கு அடியில் வைத்து, வடிகால் திருகைக் கழற்றிவிட்டிருந்தேன்.